அந்தாளுக்கு ஏன் அடிச்சனீங்கள்?

போன கிழமை வேலையிடத்தில் ஒரு சண்டை. கைகலப்பில்லை, வாய்ச்சண்டைதான். காரணம் சம்பளமோ ஷிஃப்ற்றோ இல்லை. இண்டியானா ஜோன்ஸ் ஐந்தாம் பாகம்!

நான் வேலை செய்கிற றெஸ்ரோரன்ற் யூனியன்வில் மெயின் ஸ்ரீற்றில் இருக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் சனம் குறைவு. அந்த இடைவெளியில்தான் நாங்கள் பின்கதவடியில் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து சாப்பிடுவோம். எங்களோடு நிற்கிற ஒரு தமிழ்ப் பெடியன், இங்கே பிறந்தவன், ஃபோனில் அந்தப் படத்தைப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, படம் நல்லா வந்திருக்கும். அந்தப் பொம்பிளைதான் கெடுத்துப்போட்டுது." பக்கத்தில் இருந்த மற்றவர் சொன்னார்: "எண்பது வயசுக் கிழவனை ஆர் ஓடித்திரியச் சொன்னது? பேசாமல் வீட்டில இருக்கலாம்தானே."

இரண்டும் பிழை என்று நான் தொடங்கினேன். தொடங்கினால் நிற்காது என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அரை மணித்தியாலம் போனது. அடுப்பில் வைத்த சூப் அடிப்பிடித்தது. முதலாளியிடம் நல்ல பேச்சு வாங்கினேன். சொல்லவந்ததில் பாதி அங்கே சொல்லி முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் படத்தில் உங்களுக்கு என்ன வந்தது, வேறு வேலையில்லையா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று. 1981இல் தொடங்கிய இந்தத் தொடரின் இரண்டாவது படம், 1984இல் வந்த 'டெம்பிள் ஒஃப் டூம்', எங்கள் நாட்டில் எடுத்தது. கதை நடப்பது 1935இல் வட இந்தியாவில். ஆனால் இந்திய அரசு கதையைப் படித்துப் பார்த்துவிட்டு, இது எங்களைக் கேவலப்படுத்துகிறது, மாற்று என்றது. மாற்ற மனமில்லாத ஸ்பீல்பேர்க்கும் ஜோர்ஜ் லூகாஸும் இலங்கைக்கு வந்தார்கள். 1983 ஏப்ரலில் கண்டிப் பக்கம் படப்பிடிப்பு தொடங்கியது. அந்தப் பெயர்போன கயிற்றுப் பாலம் விக்டோரியா அணைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கிட்ட, மகாவலிப் பள்ளத்தாக்கில் கட்டப்பட்டது. அணை கட்டவந்த பிரித்தானிய இஞ்சினியர்மார்தான் பாலத்தையும் கட்டிக்கொடுத்தார்கள். உண்மையான பாலம். உண்மையாகவே வெடிவைத்து அறுத்தார்கள். விழுந்தவை பொம்மைகள் என்பது மட்டும்தான் பொய்.

ஏப்ரல் 1983. அதற்கு மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற ஆளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என்னுடைய பெரியப்பா அப்போது கண்டியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கல்லாவில் இருந்தார். வெள்ளைக்காரர் படம் பிடிக்கிறார்களாம், யானை எல்லாம் கொண்டு போகிறார்களாம் என்று கடைக்கு வருகிற சனம் கதைத்ததாம். போய்ப் பார்க்க நினைத்தவர், லீவு கிடைக்கவில்லை. ஜூலையில் அந்தக் கடை எரிந்தது. பெரியப்பா உடுத்த சாரத்தோடு முகாமில் இருந்து, பிறகு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். திரும்ப அந்தப் பக்கம் போகவேயில்லை.

நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தது 1989 தொடக்கத்தில், கொக்குவிலில், இந்தியன் ஆமி நின்ற காலத்தில். கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசற். நிறம் எல்லாம் கரைந்து மனிசரின் முகம் பச்சையாக இருந்தது. டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஊரடங்குக்கு முன்னம் முடிக்கவேணும் என்று பின்னேரம் இரண்டு மணிக்கே போட்டுவிட்டார்கள். எனக்குப் பதினொரு வயது. இங்கிலிஸ் விளங்காது. விமானத்தில் இருந்து ரப்பர் படகில் குதித்து, ஆற்றால் வந்து, ஒரு இந்தியக் கிராமத்துக்கு வந்து சேருகிறார்கள். அங்கே சனம் அழுது குழறிக் கதைக்கிறது. பெரியப்பா எழும்பி நின்றுவிட்டார்.

"உவை சிங்களமல்லோ கதைக்கினம்!"

சின்னனுகள் நாங்கள் கத்தத் தொடங்கினோம். "இந்தியாக்காரர் சிங்களம் கதைக்கினம், இந்தியாக்காரர் சிங்களம் கதைக்கினம்!" றோட்டில் உண்மையான இந்தியாக்காரர் துவக்கோடு போய்க்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஓடிவந்து எல்லாருக்கும் வாயில் ஒவ்வொரு போடு போட்டார்.

அந்தக் கிராமத்துப் பூசாரியாக வருகிறவர் டி. ஆர். நாணயக்கார என்ற சிங்கள நடிகர் என்றும், அவருக்கு இங்கிலிஸ் தெரியாதென்றும், ஸ்பீல்பேர்க் கமராவுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார் என்றும் பிறகு வாசித்து அறிந்துகொண்டேன். அந்த நேரம் எங்களுக்குத் தெரிந்தது, இந்தியா என்று காட்டுவது எங்கட நாட்டை என்பது மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு அதற்குப் பிறகு கதையே தேவைப்படவில்லை. கதாநாயகன் எங்கே, கதாநாயகி எங்கே என்று அவர் பார்க்கவில்லை. "தலையைத் தள்ளு, மலை மறைக்குது" என்று எனக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார். ஹரிசன் ஃபோர்ட் பாலத்தில் தொங்குகிறார், கீழே முதலை, நாங்கள் மூச்சுவிடவில்லை. பெரியப்பா மெல்லமாகச் சொன்னார்: "மகாவலி." அவ்வளவுதான்.

பெரியப்பாவின் மூத்தவனுக்கு அப்போது பதினாறு வயது. அடுத்த ஒரு மாதம் அவன்தான் எங்களுக்குப் பெரிய விளையாட்டுக் காட்டினான். அம்ரிஷ் பூரி நெஞ்சுக்குள் கையை விட்டு இதயத்தைப் பிடுங்குவாரே, அதுதான். (அவரை நாங்கள் திரும்பக் கண்டது 'தளபதி'யில். தியேட்டரில் எல்லாரும் ரஜினியைப் பார்க்க, நான் அவர் எப்போது இதயம் பிடுங்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.) அண்ணா என் சேட்டுக்குள் ஒரு சிவத்த ஜம்புப்பழத்தை முன்கூட்டியே ஒளித்துவைத்து, கண்ணை உருட்டி மந்திரம் சொல்லி, கையை விட்டுப் பிடுங்கி எடுத்து, என் கண்ணுக்கு முன்னால் கடித்துத் தின்பான். அவன் 1990இல் இயக்கத்துக்குப் போனான். வரவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

நான் அந்தப் படத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவில்லை. அது எங்களைக் கேவலப்படுத்திய படம்தான். இந்திய அரசு சொன்னதில் பிழையில்லை. காளி கும்பிடுகிறவன் எல்லாம் நரபலி கொடுப்பவன், வெள்ளைக்காரன் வந்துதான் கிராமத்துப் பிள்ளைகளை மீட்கவேண்டும், கடைசியில் பிரித்தானிய ஆமி வந்து சுட்டுக் காப்பாற்ற வேண்டும். அதிலும் அந்த விருந்து! பாம்பின் வயிற்றைக் கீறினால் உயிரோடு குட்டிகள், கண்முழி மிதக்கிற சூப், குரங்கின் தலையோடு குளிர்ந்த மூளை. கறுவாவும் ஏலமும் விளைகிற மண்ணில் நின்றுகொண்டு எங்கள் சாப்பாட்டை இப்படிக் காட்டினார்கள். நான் கனடாவுக்கு வந்து முதன்முதல் கோப்பை கழுவப் போன இடத்தில், நான் சோற்றுப் பெட்டியைத் திறந்தவுடன் ஒருவன் எட்டிப்பார்த்து, உள்ளே குரங்கு மூளையா என்று கேட்டான். பெட்டிக்குள் இருந்தது கத்தரிக்காய்ப் பால்கறி. இருபத்தைந்து வருடமாக நான் சமையலறைகளில்தான் நிற்கிறேன். அந்தக் கேள்வியின் வாசம் இன்னும் போகவில்லை.

ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு பெடியன் இருந்தான். ஷோர்ட் ரவுண்ட். சங்காயில் குண்டு விழுந்து குடும்பத்தை இழந்து, தெருவில் பொக்கற் அடித்துத் திரிந்தவன். தலைக்குப் பெரிய தொப்பி. பதினொரு, பன்னிரண்டு வயது. நானும் பதினொன்று. பச்சை முகங்களுக்கு நடுவில் எனக்கு இருந்த ஒரே சொந்தக்காரன் அவன். அவனாக நடித்த கீ ஹுய் குவான் உண்மையிலேயே அகதி. 1971இல் சைகோனில் பிறந்து, 1978இல் படகேறி, ஹொங்கொங் அகதி முகாமில் இருந்து, 1979இல் அமெரிக்கா போனவர். லொஸ் ஏஞ்சல்சில் தம்பிக்குத் துணையாகத் தேர்வுக்குப் போன இடத்தில் அவரைப் பிடித்துப் போட்டார்கள். வியட்நாமில் இருந்து ஓடிவந்த அகதிப் பிள்ளை, அகதிகளை உண்டாக்கப் போகிற நாட்டில், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னால் நின்று நடித்துவிட்டுப் போயிருக்கிறது. இதை முதன்முதல் அறிந்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

மூன்றாவது படம் 1989. அது நல்ல படம், அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. 2008இல் நாலாவது வந்தது. அணுகுண்டு வெடிக்க, பிறிட்ஜுக்குள் ஒளிந்து தப்புகிறார். வன்னியில் உண்மையான குண்டு விழுந்துகொண்டிருந்த வருடம் அது. பதுங்குகுழிக்குள் இருந்து வளர்ந்தவனுக்கு அந்த பிறிட்ஜைப் பார்க்கச் சிரிப்பும் வரவில்லை. அதை விடுவம்.

2023 ஜூன் 30, ஐந்தாவது. 'டயல் ஒஃப் டெஸ்டினி'. 2012இல் லூகாஸ்ஃபிலிமை 400 கோடி டொலர் கொடுத்து வாங்கிய டிஸ்னியின் படம். ஸ்பீல்பேர்க் இயக்காத முதல் இண்டியானா ஜோன்ஸ், இயக்கியது ஜேம்ஸ் மான்கோல்ட். செலவு 30 கோடி டொலருக்குக் கிட்ட, உலகம் முழுக்க வசூல் 38 கோடிச் சொச்சம். தியேட்டர்காரரின் பங்கைக் கழித்தால் மிச்சம் என்னவென்று கணக்கு முடிக்காமல் கம்பஸை விட்டு ஓடிவந்த எனக்கே விளங்கும்.

செவ்வாய்க்கிழமை மலிவு ரிக்கற்றில் நானும் மகனும் டவுன்ரவுன் மார்க்கம் சினிப்ளெக்ஸுக்குப் போனோம். அவனுக்கு அப்போது பதின்மூன்று. இரண்டாவது படத்தை நான் அவனுக்கு வீட்டில் போட்டுக் காட்டியிருந்தேன், விருந்துக் காட்சியைத் தவிர.

தொடக்கத்திலேயே ஏமாற்று. 1944ஆம் ஆண்டு, நாஸிகளின் ரயில், இளம் இண்டியானா ஜோன்ஸ். பழைய படங்களின் காட்சிகளை எல்லாம் கணினிக்குத் தீனியாகப் போட்டு எண்பது வயதுக்காரரின் முகத்தை நாற்பது ஆக்கியிருக்கிறார்கள். இருபத்தைந்து நிமிடம். முகம் நாற்பது, குரல் எண்பது, நடை எண்பது. எங்கள் ஊரில் திவசத்துக்குப் படம் பெரிசாக்கிக் கொடுக்கிற ஸ்ரூடியோக்காரர் சுருக்கத்தை அழித்து முகத்தை மெழுகுப் பொம்மையாக்கித் தருவார்களே, அதுதான். கோடம்பாக்கத்துக்கும் இந்த வியாதி வந்துவிட்டது. 2024இல் 'கோட்' படத்தில் விஜய்க்கு அதே வேலை. அதே வருடம் இருபத்தெட்டு வருடம் கழித்து வந்த 'இந்தியன் 2' பார்த்துவிட்டு வந்த சனத்தின் முகத்தையும் கண்டேன். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிழவன் ஏன் ஓடுகிறான் என்று கேட்ட நண்பருக்குச் சொல்கிறேன்: கிழவன் ஓடியது பிழையில்லை. எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிறவருக்கு அறுபத்தொன்பது வயது, பத்து மணித்தியாலம் நிற்கிறார், முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு. அவரை வைத்து ஒரு சாகசப் படம் எடுக்கலாம். பிழை என்னவென்றால், கிழவனை வைத்துப் படம் எடுக்க வந்தவர்களுக்கு கிழவன் என்றால் வெட்கம். அதனால்தான் முதல் இருபத்தைந்து நிமிடம் அவரை ஒளித்துவைத்தார்கள்.

பொம்பிளை கெடுத்தது என்ற பெடியனுக்கு: ஃபீபி வோலர்-பிரிட்ஜ் கெடுக்கவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை கெட்ட வேலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒளித்த கிழவனை வெளியே விட்ட பிறகு, 1969 நியூயோர்க்கில், படம் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கிறது. இந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணமே அந்தக் கொஞ்ச நேரம்தான். முழுக்கக் குப்பையாக இருந்தால் மறந்திருப்பேன். சல்லா வருகிறார். முதலாவது படத்தில் கெய்ரோவில் நெஞ்சை நிமிர்த்திப் பாடித்திரிந்த சல்லா இப்போது நியூயோர்க்கில் ரக்ஸி ஓடுகிறார்! ஸ்காபரோவில் எத்தனை சல்லாக்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாத்தியார், கணக்காளர், வங்கி மனேஜர், எல்லாரும் ஸ்ரியரிங்குக்குப் பின்னால். விமான நிலையத்தில் அவர் சொல்கிறார், பாலைவனத்தை நினைத்து ஏங்குகிறேன், கடலை நினைத்து ஏங்குகிறேன், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று. தியேட்டருக்குள் நான் நிமிர்ந்து இருந்தேன். இதோ படம் தொடங்குகிறது என்று நினைத்தேன். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லி அவரை றோட்டோரத்தில் விட்டுவிட்டு இண்டியானா ஜோன்ஸ் விமானம் ஏறிவிட்டார். கடைசியில் பேரப்பிள்ளைகளோடு ஒரு நிமிடம் வந்து போகிறார். அவ்வளவுதான் அகதிக்கு ஒதுக்கிய இடம்.

அடுத்தது மகன். நாலாவது படத்தில் வந்த மகன் மட், இதில் இல்லை. வியட்நாம் யுத்தத்துக்குப் போய்ச் செத்துவிட்டான். ஒரு கப்பலில் இரவில் அந்தப் பெண் கேட்கிறாள், காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால் என்ன செய்வாய் என்று. மகனை ஆமியில் சேரவிடாமல் மறிப்பேன் என்கிறார் கிழவன். உன் தாயின் துயரத்துக்கு முடிவிராது, உன் தகப்பனால் அவளைத் தேற்ற முடியாமல் போகும் என்று அவனுக்குச் சொல்லுவேன் என்கிறார். ஹரிசன் ஃபோர்ட்டை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், இவ்வளவு நல்லாக நடித்து நான் காணவில்லை. எனக்குப் பெரியப்பாவின் மூத்தவன் ஞாபகம் வந்தான். பெரியம்மா அதற்குப் பிறகு ஜம்பு மரத்தடிக்கே போகமாட்டா. பெரியப்பா அவவோடு கதைக்கச் சொல் இல்லாமல், விறாந்தையில் இருந்து பழைய பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு நிமிடத்தை வைத்திருந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? மறந்துவிட்டார்கள். விலாங்குமீன்களோடு நீருக்கடியில் சண்டை, ஓட்டோவில் கலைப்பு, இன்னொரு கலைப்பு, இன்னொரு கலைப்பு. அந்த மகனை ஏன் கொன்றார்கள் என்றால், பழைய நடிகர் வேண்டாம், ஆளைக் கழிக்கவேணும் என்பதைத் தவிர வேறு காரணம் படத்துக்குள் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை செத்த துயரத்தை, வீடு கூட்டுகிற தும்புத்தடி மாதிரிப் பாவித்திருக்கிறார்கள்.

சரி, வியட்நாமில் ஒரு மகன் செத்துவிட்டான். வியட்நாமில் இருந்து வந்த மற்ற மகன் எங்கே? 1935இல் பன்னிரண்டு வயதென்றால் 1969இல் ஷோர்ட் ரவுண்டுக்கு நாற்பத்தாறு. நான் தியேட்டரில் இருந்தபோது எனக்கும் நாற்பத்தாறு. தெருவில் கண்டெடுத்து, சாகிற இடம் எல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்து, தன்னைச் சாவில் இருந்து காப்பாற்றிய பெடியனைப் பற்றி இந்தக் கிழவனுக்கு ஒரு வசனம்கூடவா இல்லை? அவனுக்குப் பதிலாக மொரோக்கோவில் இருந்து ரெடி என்று இன்னொரு பொக்கற் அடிக்கிற பெடியன். அகதிப் பெடியன் ஒருத்தன் போனால் இன்னொருத்தன், அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நியாயமாகக் கதைக்கவேணும். படப்பிடிப்பு 2022 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. குவானை உலகம் திரும்ப அறிந்தது அதற்குப் பிறகு வந்த 'எவ்ரிதிங் எவ்ரிவெயர் ஓல் அற் வன்ஸ்' படத்தால். 2023 மார்ச் 12 அன்று ஒஸ்கார் வாங்கி, படகிலும் அகதி முகாமிலும் தொடங்கிய தன் பயணத்தை அழுது அழுது சொன்னார். அதே மேடையில் சிறந்த படத்தை அறிவித்தவர் ஹரிசன் ஃபோர்ட். குவான் அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார். சோபாவில் இருந்த நானும் மனிசியும் அழுதோம். அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தது மூன்றரை மாதம் கழித்து வந்த இரண்டரை மணித்தியாலத்தில் இல்லை. படம் முடிந்த பிறகு ஒஸ்கார் கிடைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். ஒஸ்கார் கிடைத்தால்தானா நினைவு வரவேணும்? அவர் வேலையில்லாமல், மற்றவர்களின் சண்டைக்காட்சிகளுக்குப் பின்னால் நின்று வேலை செய்த வருடங்களிலும் அவர் ஷோர்ட் ரவுண்ட்தானே?

இனி அந்த அடி.

கடைசியில் விமானம் காலத்தைக் கிழித்துக்கொண்டு போய் கிறிஸ்துவுக்கு முன் 212இல், ரோமர் முற்றுகையிட்ட சிராக்கூசில் விழுகிறது. அங்கே ஆர்க்கிமிடீஸ் உயிரோடு நிற்கிறார். (யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்கும் புல்லரித்தது.) கிழவனின் நெஞ்சில் குண்டுக்காயம். மகன் இல்லை, மனிசி பிரிந்து போய்விட்டாள், வேலையில் இருந்து அனுப்பிவிட்டார்கள், வாழ்நாள் முழுக்கப் படித்த உலகம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன், என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்.

ஐந்து படத்தில் இந்த மனிதன் கேட்ட ஒரே உண்மையான கேள்வி இதுதான். கடந்துபோன காலத்துக்குள் போய் இருந்துவிட முடியுமா? இது அகதியின் கேள்வி. ஸ்காபரோ அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இரவும் யாரோ ஒரு வயதானவர் சுவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. ஊருக்குப் போய் வந்தவர்கள், வீடு இருந்த இடத்தில் வேலியைக் கண்டவர்கள், 1995 ஒக்ரோபரில் பூட்டிய கதவின் திறப்பை இன்னும் அலுமாரியில் வைத்திருப்பவர்கள், எல்லாரும் கேட்பது. இல்லை, இருக்க முடியாது என்பதுதான் மறுமொழி என்றால் அதையாவது சொல்லவேணும். ஏன் முடியாது, திரும்பி வந்தால் அங்கே என்ன இருக்கிறது, வலியோடு எப்படி இருப்பது என்று அந்த மனிதனிடம் கதைக்கவேணும். இரண்டு வசனம் கதைத்துவிட்டு அந்தப் பெண் முகத்தில் ஓங்கி ஒரு குத்து விடுகிறாள். திரை கறுக்கிறது. கண் விழித்தால் நியூயோர்க், சொந்தக் கட்டில். மனிசி சாமான் பையோடு கதவால் வருகிறா. சுபம்.

எப்படி வந்தார்? காயத்தோடு இரண்டாயிரம் வருடத்தை எப்படித் தாண்டினார்? வருகிற வழியில் என்ன நினைத்தார்? ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் ஐம்பது வருடமாகத் தூக்கிக்கொண்டு வந்த கேள்விக்கு ஹொலிவூட் எழுதிய மறுமொழி ஒரு குத்து.

இரண்டாவது படத்திலும் அப்படி ஒரு இடம் இருக்கிறதே என்று மடக்குவீர்கள், எனக்குத் தெரியும். காளியின் இரத்தத்தைக் குடிக்கவைத்து அவரை மயக்கத்தில் வைத்திருக்க, ஷோர்ட் ரவுண்ட் தீப்பந்தத்தால் சுட்டு எழுப்புவான். ஆனால் பாருங்கள், சுடுவதற்கு முன்னம் அந்தப் பிள்ளை கெஞ்சுகிறான், அன்பு என்று சொல்கிறான், அவர் அவனுக்கு அடித்த அடியையும் வாங்குகிறான். அங்கே அவர் தன் சொந்தப் புத்தியில் இல்லை. சிராக்கூசில் கிழவன் முழுப் புத்தியோடு, கண்ணீரோடு கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கையில்தான் இந்தத் தொடர் போய் முடிந்தது.

காரில் வரும்போது மகன் கேட்டான்: "அப்பா, ஹீ வோன்ரட் ரு ஸ்ரே. அவர் கேட்டவர்தானே. அவ ஏன் அடிச்சவ?"

"படம் முடியவேணுமே, அதுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். கென்னடி றோட் சிவப்பு லைற்றில் திரும்பக் கேட்டான்: "நீங்கள் எண்டால் நிண்டிருப்பீங்களா?"

லைற் பச்சையாகிவிட்டது. பின்னால் வந்தவன் ஹோர்ண் அடித்தான். நான் மறுமொழி சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு உதவி செய்திருக்கவேண்டிய படத்துக்குத்தான் முப்பது டொலருக்கு மேல் செலவழித்துவிட்டு வந்திருந்தேன், பொப்கோர்னோடு சேர்த்து.

"அது படம்தானே அண்ணை, ஏன் இவ்வளவு சூடாகிறீங்கள்" என்று பெடியன் பின்கதவடியில் கேட்டான். அவனுக்கு நான் எங்கள் தெருவைக் காட்டினேன். இந்த மெயின் ஸ்ரீற்றும் ஒருதரம் நடித்திருக்கிறது. 2000இல் வந்த 'கில்மோர் கேர்ள்ஸ்' தொடரின் முதல் பகுதியை இங்கேதான் எடுத்தார்கள், அமெரிக்காவின் கனெற்றிக்கட் ஊர் என்று காட்டி. இருபத்தைந்து வருடம் கழித்தும் பிள்ளைகள் தேடி வந்து நின்று படம் எடுக்கிறார்கள். கோடைக்கு எங்களுக்கு அதால் நாலு மேசை கூட. இங்கே ஒரு இடம் வேறொரு இடமாக நடித்தால் அதற்குப் பெயர் சுற்றுலா. கண்டி இந்தியாவாக நடித்துவிட்டு, மூன்று மாதத்தில் எரிந்தது. படம்தானே என்று சொல்ல இவனால் முடியும். பெரியப்பாவால் முடியாது. என்னாலும் முடியாது. படத்தில்தான் எங்களிடம் எரியாத கண்டி இருக்கிறது.

பெரியப்பா இப்போது மகளோடு இங்கே மார்க்கத்தில்தான் இருக்கிறார். பெரியம்மா போய்விட்டா. எழுபத்தேழு தாண்டிவிட்டது, ஆளுக்கு ஞாபகம் வந்து வந்து போகும். ஐந்தாம் பாகத்தை நான் அவருக்குக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். என்னுடைய லீவு நாளில் போனால் இரண்டாவது படத்தைத்தான் கேட்பார். பெயர் சொல்ல வராது, "கண்டிப் படம்" என்பார். போன ஞாயிறும் போட்டேன். கிராமம் வந்தது, சிங்களம் வந்தது, சிரித்தார். விருந்தை வேகமாக ஓட்டினேன். பாலம் வந்தவுடன் கையை உயர்த்தி, "நிப்பாட்டு" என்றார்.

நிப்பாட்டினேன்.

"அந்த வலப்பக்கத்து மலை இருக்கல்லோ, அதுக்குப் பின்னாலதான் எங்கட கடை. இறங்கி நடந்தால் அரை மணித்தியாலம்."

கடை இருந்தது கண்டி ரவுணுக்குள். பாலம் கட்டிய இடம் அங்கிருந்து நெடுந்தூரம், எத்தனையோ தரம் மப்பில் பார்த்திருக்கிறேன்.

"ஓம் பெரியப்பா" என்றேன். அவர் பார்த்து முடிக்கும்வரை படத்தை அப்படியே விட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பினேன்.